நெல்லை நக்கலும் இங்கிலீஷ் வகுப்பும்

திருநெல்வேலிச் சீமையில் நக்கல் கலக்காத பேச்சு கிடையாது. ஜங்ஷன் டீக்கடையில் கிளாஸைக் கையில் வாங்கியதும், "அண்ணாச்சி, வெந்நிக்குத் தனியா துட்டு எடுப்பியளா, டீயோட சேத்தா?" என்று ஒருவர் கேட்பார். கடைக்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "பழைய பாக்கியக் குடுத்துட்டுக் கேளும்வே" என்பார். முக்கூடல் பக்கம் பீடி சுற்றுகிற திண்ணைகளில் மடியில் சொளவு இருக்கும், கை தன்பாட்டுக்கு இலையைச் சுருட்டும், வாய் தெருவில் போகிற வருகிறவர்களை எல்லாம் ஒரு இழுப்பு இழுத்துவிடும். இதே ஆட்கள் இங்கிலீஷ் வகுப்பில் வந்து உட்கார்ந்ததும் வேறு ஆளாகிவிடுகிறார்கள். முதுகு விறைக்கிறது, குரல் இறங்குகிறது. "மை நேம் இஸ்" என்று ஆரம்பித்து ஊரையும் படிப்பையும் சொல்லி முடித்துவிட்டு, கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொள்கிறார்கள்.

தமிழில் இருக்கிற அந்த ஆள் இங்கிலீஷுக்குள்ளும் வந்து சேரவேண்டும். அதுவரைக்கும் எவ்வளவு இலக்கணம் சொல்லிக்கொடுத்தாலும் நோட்டோடு நின்றுவிடும். அந்த ஆளை உள்ளே கூட்டிவருவதற்குச் சிரிப்பைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. ஆனால் அது எந்தச் சிரிப்பு, யார் சிரிக்க வைக்கிறார்கள், எதைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்பதில்தான் முழு விஷயமும் இருக்கிறது. இந்த வேலையில் இருக்கிறவர்களுக்குப் பயன்படும் என்று நான் கற்றதை எழுதுகிறேன்.

பாளையங்கோட்டையில் வீட்டு மொட்டைமாடியில் ஷீட் போட்டு மாலை நேரத்தில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு நடத்துகிறேன். வெளிநாட்டு வேலைக்குத் தயாராகிற நர்சிங் முடித்த பிள்ளைகள், துபாய்க்கு டிரைவராகப் போக விசாவுக்குக் காத்திருக்கிறவர்கள், மேலப்பாளையத்திலிருந்தும் முக்கூடலிலிருந்தும் வருகிற அக்காமார், பலசரக்குக் கடை வைத்திருக்கிற அண்ணாச்சி ஒருவர், கல்லூரிப் பையன்கள் என்று எல்லா வயதும் கலந்து இருக்கும். இங்கிலீஷ் நம் நாட்டில் ஆட்சிமொழிகளில் ஒன்று, கடைப் பலகையிலும் மருந்துச் சீட்டிலும் தினமும் பார்க்கிறோம் என்பதெல்லாம் சரி. வீட்டிலும் தெருவிலும் காதிலேயே விழாத ஒரு மொழி, கற்கிறவருக்கு அந்நிய மொழிதான். ஆகவே ஜப்பானிலோ பிரேசிலிலோ இங்கிலீஷ் கற்கிறவருக்கு என்னென்ன தடை உண்டோ, அவ்வளவும் இந்த மாடியிலும் உண்டு. இங்கே அதற்கு மேல் ஒன்றும் இருக்கிறது: இங்கிலீஷ் தெரியாது என்றால் மரியாதை குறையும் என்ற பயம்.

பாளையங்கோட்டையைத் தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு என்பார்கள். 1820இல் ரேனியஸ் பாதிரியார் வந்த காலத்திலிருந்து பள்ளிக்கூடம் பெருகிய ஊர். அந்தப் பெருமை எனக்கும் உண்டு. ஆனால் அந்தப் பெருமையின் கூடவே, இங்கிலீஷ் என்றால் கை கட்டிக்கொண்டு, தப்பில்லாமல் ஒப்பிக்க வேண்டிய பாடம் என்ற நினைப்பும் இங்கே வேரோடிவிட்டது. பத்தாம் வகுப்பில் 80 மார்க் எடுத்த பிள்ளை, ரயிலில் எதிர் சீட்டில் இருக்கிற வடநாட்டுக்காரரிடம் மணி எத்தனை என்று கேட்கத் தயங்குகிறது.

பயத்துக்கும் மொழிக்கும் உள்ள தொடர்பை ஸ்டீபன் கிராஷன் என்ற அமெரிக்க மொழியியலாளர் 1980களில் விரிவாக எழுதினார். பதற்றமும் கூச்சமும் கூடக்கூட, காதில் விழுகிற மொழி உள்ளே இறங்காமல் வெளியிலேயே நின்றுவிடும் என்பது அவருடைய கருதுகோள். இதைச் சோதித்து நிரூபிக்க வழியில்லை என்று மறுத்தவர்களும் உண்டு. நிரூபணம் எப்படியோ போகட்டும், மாடியில் அது தினமும் கண்ணுக்குத் தெரிகிறது. ஒரு ஆள் சிரித்து முடித்த அடுத்த நிமிடம் பேசுகிற வாக்கியம், சிரிப்பதற்கு முன்னால் பேசியதைவிட நீளமாக இருக்கும்.

முதல் வாரத்தில் நான் யாரையும் பேசச் சொல்வதில்லை. "அண்ணாச்சி செஸ்" ஆடுவோம். சதுரங்கம் இல்லை, "அண்ணாச்சி சொல்கிறார்" என்று அர்த்தம். ஊர் உலகமெல்லாம் சைமன் பெயரில் ஆடுகிற விளையாட்டுதான், நம் ஊருக்கு வந்தால் அண்ணாச்சி. "அண்ணாச்சி செஸ், ஸ்டாண்ட் அப்" என்றால் எழுந்து நிற்க வேண்டும். வெறும் "சிட் டௌன்" என்றால் அசையக் கூடாது. ஜேம்ஸ் ஆஷர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1960களில், கட்டளையைக் கேட்டு உடம்பால் செய்துகாட்டியே மொழி கற்கலாம் என்று ஒரு முறையை முன்வைத்தார். பேச வேண்டும் என்ற கட்டாயம் ஆரம்பத்தில் இல்லை, காதும் உடம்பும் முந்திக்கொள்ளும். பிள்ளைகளுக்கு மட்டும் என்று பலர் இதை ஒதுக்குகிறார்கள். 50 வயது அக்காமார்தான் இதில் அதிகம் சிரிக்கிறார்கள். மூன்றாம் நாள் கட்டளை போடும் வேலையை அவர்களிடமே கொடுத்துவிடுவேன். "அண்ணாச்சி செஸ், வாஷ் தி வெசல்ஸ்" என்று ஒரு அக்கா ஆண்பிள்ளைகளைப் பார்த்து உத்தரவு போட்டபோது மாடியே குலுங்கியது. அண்ணாச்சியும் எழுந்து, இல்லாத பாத்திரத்தை இல்லாத சாம்பல் போட்டுத் துலக்கினார்.

அந்த அக்கா சொன்ன கட்டளை நான் சொல்லிக்கொடுத்தது இல்லை. அவருக்குத் தெரிந்த மூன்று இங்கிலீஷ் வார்த்தைகளை வைத்து அவரே கட்டியது. இங்கேதான் ஆசிரியர்கள் கவனிக்க வேண்டும். ஆசிரியர் ஜோக் சொல்லி வகுப்பு சிரித்தால் அது ஆசிரியருக்கு நல்ல மாலை. கற்கிறவர் இங்கிலீஷில் ஒன்றைச் சொல்லி மற்றவர்கள் சிரித்தால், அன்றைக்கு அவருக்கு அந்த மொழியில் ஒரு இடம் கிடைத்துவிடுகிறது. அடுத்த நாள் அந்த இடத்திலிருந்து பேசுவார்.

வில்லுப்பாட்டை வகுப்புக்குக் கொண்டுவந்ததும் இதற்காகத்தான். நம் பக்கத்துக் கோயில் கொடைத் திருவிழாக்களில் வில்லுப்பாட்டுக் கேட்டு வளராதவர்கள் குறைவு. சுடலைமாடன் கதையோ முத்துப்பட்டன் கதையோ, பாடுகிறவர் வீசுகோலால் வில்லைத் தட்டி ஒரு வரி சொல்வார். பக்கத்தில் இருக்கிறவர்கள் "ஆமா" போட்டு அந்த வரியை வாங்கி, "அப்புறம் என்ன செஞ்சான்?" என்று மேலே கேட்பார்கள். சொல்வதும், திருப்பிச் சொல்வதும், கேள்வி கேட்பதும் ஒரே தாளத்தில் ஓடும். இங்கிலீஷ் வகுப்பில் இதைவிட என்ன வேண்டும்? அமெரிக்காவில் 1970களில் ஜாஸ் தாளத்தில் வாக்கியங்களைச் சொல்லவைத்துப் பழக்கும் முறை பரவியது. நமக்கு அந்தத் தாளம் கையில் இல்லை, வில்லுப்பாட்டுத் தாளம் இருக்கிறது.

என்னிடம் வில் கிடையாது. ஒரு பித்தளைக் குடமும் மர ஸ்கேலும் போதும். ஒருவர் கதை சொல்லி, மற்றவர்கள் பின்பாட்டு. மேலப்பாளையத்து அக்கா ஒருவர் கதை சொன்ன நாள் அப்படியே நினைவிருக்கிறது. செவ்வாய்க்கிழமை அங்கே ஆட்டுச்சந்தை கூடும், அதிலிருந்து தொடங்கினார்.

"எ மேன் வென்ட் டு தி மார்க்கெட்."

"ஆமா! ஹி வென்ட் டு தி மார்க்கெட்! வாட் டிட் ஹி பை?"

"ஹி பாட் எ கோட்."

"ஆமா! ஹி பாட் எ கோட்! வேர் டிட் ஹி டேக் தி கோட்?"

"ஹி டுக் தி கோட் டு தி பஸ்."

குடத்தில் தட்டு விழுந்துகொண்டே இருக்கிறது. ஆடு டவுன் பஸ்ஸில் ஏறுகிறது. கண்டக்டர் டிக்கெட் கேட்கிறார். "வாட் டிட் தி கோட் சே?" என்று பின்பாட்டு கேட்டதும் அக்கா ஒரு நொடி நிறுத்தி, சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, "தி கோட் செட், ஐ ஆம் லேடி. ஃப்ரீ டிக்கெட்!" என்றார். 2021லிருந்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லையே, அதைத்தான் ஆட்டுக்கும் வாங்கிக்கொடுத்துவிட்டார். குடம் தட்டிக்கொண்டிருந்த பையன் ஸ்கேலைக் கீழே போட்டுவிட்டான்.

இதில் நடந்த பாடத்தைப் பாருங்கள். "பாட்" என்று சொன்னதை வாங்கி, கேள்வியில் "டிட் ஹி பை" என்று மாற்ற வேண்டும். "டுக்" என்றால் "டிட் ஹி டேக்". நம்மவர்கள் இங்கிலீஷில் கேள்வி கேட்கும்போது அதிகம் தடுக்கி விழுகிற இடம் இதுதான். "வேர் யூ வென்ட்?" என்பார்கள், இல்லையென்றால் "வேர் டிட் யூ வென்ட்?" என்பார்கள். பலகையில் விதி எழுதி விளக்கினால் தலையாட்டுவார்கள், வாயில் வராது. வில்லுப்பாட்டில் அடுத்த தட்டு விழுவதற்குள் கேள்வி வந்தாக வேண்டும், யோசிக்க நேரம் கிடையாது. பத்துப் பேர் சேர்ந்து சொல்வதால் ஒருவர் தடுமாறினாலும் வெளியே தெரியாது, பக்கத்துக் குரல் தூக்கிவிடும். தாளத்தால் இன்னொரு லாபமும் உண்டு. இங்கிலீஷில் முக்கியச் சொற்களில் அழுத்தம் விழும், நடுவில் இருக்கிற சின்னச் சொற்கள் நசுங்கி ஓடும். தமிழ் பேசுகிற நாம் எல்லா அசைக்கும் சமமாக மரியாதை கொடுத்துவிடுகிறோம், அதனால் கேட்கிறவருக்குப் புரிவது சிரமமாகிறது. குடத்தில் தட்டு "வாட்"டிலும் "பை"யிலும் விழ, "டிட் ஹி" இரண்டும் தானாகச் சுருங்கிவிடுகிறது. அழுத்தம் என்ற வார்த்தையையே நான் உச்சரிக்க வேண்டியதில்லை.

இந்த அக்கா "ஐ ஆம் லேடி" என்று சொன்னதில் "எ" விட்டுப்போனது. அந்த நேரத்தில் நான் வாய் திறக்கவில்லை. கதை முடிந்து எல்லோரும் நோட்டில் எழுதும்போது பலகையில் "ஐ ஆம் எ லேடி" என்று சரியாக எழுதிவிட்டேன். அவரே பார்த்துக்கொண்டார். சிரிப்பு மேலே ஏறிக்கொண்டிருக்கும்போது திருத்துவதைப்போல ஒரு கொடுமை வகுப்பில் வேறு கிடையாது.

நர்சிங் முடித்த பிள்ளைகளில் ஒரு பெண், நாங்குநேரிப் பக்கத்துக் கிராமம். நன்றாக எழுதுவாள், படித்தால் புரியும், பேசு என்றால் கண் தரைக்குப் போய்விடும். வற்புறுத்தவில்லை. வெளிநாட்டு நர்ஸ் வேலைக்கு எழுதுகிற ஓஇடி தேர்வில் பேச்சுப் பகுதி முழுக்கவே நடிப்புதான். தேர்வு எழுதுகிறவர் நர்ஸ், எதிரில் இருக்கிறவர் நோயாளியாகவோ நோயாளியின் உறவினராகவோ நடிப்பார். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 5 நிமிடம், இப்படி இரண்டு. பயிற்சியில் எல்லோரும் நர்ஸ் வேஷத்துக்கே அடித்துக்கொள்வார்கள். நான் இந்தப் பெண்ணுக்கு நோயாளி வேஷம் கொடுத்தேன். சும்மா நோயாளி இல்லை, ஊசி போட வந்த நர்ஸை விரட்டுகிற ஆச்சி. ஒரு பழைய கண்ணாடியும் கைத்தடியும் கையில் கொடுத்தேன்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டதும் குரலே மாறிவிட்டது. "ஐ டோன்ட் வாண்ட் திஸ் இன்ஜெக்‌ஷன். யூ டேக் இட். யூ ஆர் வெரி தின். ஹூ இஸ் குக்கிங் இன் யுவர் ஹவுஸ்?" என்று நர்ஸாக நடித்தவளைப் பிடித்துக்கொண்டாள். தன் வீட்டு ஆச்சியை அப்படியே இறக்கிவிட்டாள். எதிரில் இருந்த பிள்ளை சிரிப்பை அடக்கமுடியாமல், ஆனாலும் நர்ஸாக நின்று, "ஐ அண்டர்ஸ்டேண்ட், அம்மா, பட் திஸ் வில் ஹெல்ப் யுவர் பெயின்" என்று சமாளித்தாள். அந்தத் தேர்வில் நோயாளியோடு உறவு ஏற்படுத்திக்கொள்வதற்கும், அவர் தரப்பைப் புரிந்துகொள்வதற்கும் தனியாக மதிப்பெண் உண்டு. முரண்டு பிடிக்கிற ஆச்சியைவிட அதற்கு நல்ல பயிற்சி கிடையாது. கூச்சப்படுகிறவருக்கு முதலில் வேஷம் கொடுங்கள் என்பதுதான் இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது. தானாகப் பேசினால் தப்பு தன் தலையில் விழும், ஆச்சியாகப் பேசினால் தப்பு ஆச்சியோடது. கொஞ்ச நாளில் கண்ணாடி இல்லாமலே பேச ஆரம்பித்துவிட்டாள்.

வெளிநாட்டுக்குப் போக எழுதுகிற இங்கிலீஷ் தேர்வான ஐஎல்ட்ஸுக்குப் போகிறவர்களுக்குப் பேச்சுப் பகுதி 11 முதல் 14 நிமிடம்தான். நடுவில் ஒரு சீட்டைக் கொடுத்து, 1 நிமிடம் யோசிக்கவிட்டு, 2 நிமிடம் வரை பேசச் சொல்வார்கள். இதற்கு எங்கள் மாடியில் புளுகுப் போட்டி உண்டு. சீட்டில் "மறக்கமுடியாத ஒரு பயணம்" என்று இருந்தால், நடந்த பயணத்தைச் சொல்ல வேண்டாம், நடக்காததைச் சொல்லுங்கள் என்பேன். உண்மையைச் சொல்லும்போது சரியாகச் சொல்ல வேண்டுமே என்ற கவலையில் இரண்டு வரியில் முடித்துவிடுகிறார்கள். புளுகும்போது விவரம் கூடுகிறது, விவரம் கூடினால் வாக்கியம் கூடுகிறது. பாபநாசம் அருவியில் குளிக்கும்போது யானை வந்து சோப்பைக் கேட்டது என்று ஒரு பையன் 2 நிமிடம் தாண்டியும் நிறுத்தவில்லை.

இப்போது கவனமாக இருக்க வேண்டிய விஷயத்துக்கு வருகிறேன். தப்பாகப் பேசுகிறவரைப் பார்த்துச் சிரிப்பது. கடைக்கார அண்ணாச்சி ஒருநாள், "டுடே மை வைஃப் இஸ் குக்கிங் மை ஃபாதர் இன் லா" என்றார். மாமனாருக்காகச் சமைக்கிறாள் என்று சொல்லவந்தது. பையன்கள் சிரித்துவிட்டார்கள். நான் அவரிடம், "மட்டன் ஸ்டைல் ஆர் சிக்கன் ஸ்டைல்?" என்று கேட்டேன். ஒரு நொடி விழித்தார், அப்புறம் பிடிகிடைத்தது. "ஃபார்! ஃபார் மை ஃபாதர் இன் லா! அவரு பென்ஷன் வாங்குத மனுஷன் டீச்சர், விட்டுருங்க" என்று அவரே பெரிதாகச் சிரித்தார். அந்த "ஃபார்" அவருக்கு இனி மறக்காது. ஆனால் இதை அண்ணாச்சியிடம்தான் செய்யலாம். கடையில் நாள் முழுக்க நாலு பேரைக் கிண்டல் பண்ணி, நாலு பேரிடம் வாங்கிக் கட்டிக்கொள்கிற மனிதர் அவர், சபையில் அவருக்கு இருக்கிற மதிப்பு இதனால் குறையாது. அந்த நாங்குநேரிப் பெண் இதே தப்பைச் செய்திருந்தால், அதைக் கேட்காததுபோல, "ஓ, ஷி இஸ் குக்கிங் ஃபார் ஹிம்? குட்" என்று சரியான வாக்கியத்தைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டுக் கடந்திருப்பேன். ஒரே தப்பு, இரண்டு ஆள், இரண்டு வழி. ஆளைத் தெரியாமல் ஆசிரியர் கேலியில் இறங்கக் கூடாது.

பட்டப்பெயர் எங்கள் வகுப்பில் கிடையவே கிடையாது. நெல்லையில் பட்டப்பெயர் இல்லாத தெரு இல்லை, அதில் பாசமும் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் இந்த மாவட்டத்தில் ஒரு பெயருக்குப் பின்னால் சாதி ஒளிந்திருக்கலாம், ஒரு ஊர்ப் பெயரைச் சொல்லிச் சிரித்தாலே அது யாரையோ குத்தலாம். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனை அவனோடு படித்த மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள், தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு விழுந்தது. அதன் பிறகு அரசு அமைத்த ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு குழு, பள்ளிகளில் மாணவர்கள் கையில் கட்டுகிற சாதி வண்ணக் கயிறுகளைத் தடை செய்ய வேண்டும் என்று 2024இல் பரிந்துரைத்தது. இப்படிப்பட்ட மண்ணில் சிரிப்பைக் கையாள்கிறவர் விளையாட்டுப் பிள்ளையாக இருக்க முடியாது. நிறம், உடம்பு, ஊர், தெரு, அப்பா செய்கிற வேலை, இவற்றைத் தொடுகிற கேலியை அந்த இடத்திலேயே நிறுத்திவிடுவேன். மாமியார் ஜோக்கும் மனைவி ஜோக்கும்கூட வேண்டாம் என்பது என் முடிவு. அதைக் கேட்டுச் சிரிக்கிற பெண்களின் முகத்தைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் ஏன் என்று தெரியும். ஆடு, யானை, பஸ், அல்வா, கற்பனை ஆச்சி, இவற்றை எவ்வளவு வேண்டுமானாலும் கேலி செய்யுங்கள். யாருக்கும் வலிக்காது.

இங்கிலீஷ் ஜோக்கைக் கொண்டுவந்து வாசித்துக் காட்டுவது பெரும்பாலும் எடுபடாது. வாட்ஸப்பில் வருகிற ஜோக்குகளில் பாதி, ஒரே சத்தம் உள்ள இரண்டு சொற்களை வைத்துச் செய்ததாக இருக்கும். அந்த இரண்டு சொல்லும் ஏற்கெனவே தெரிந்தால்தான் சிரிப்பு வரும். தெரியாதவருக்கு விளக்க ஆரம்பித்தால் 5 நிமிடம் போகும், சிரிப்பு போயே போய்விடும், "நமக்கு இதுகூடப் புரியலையே" என்ற சங்கடம் மட்டும் மிஞ்சும். ஆரம்ப நிலையில் உடம்பால் செய்துகாட்டும் வேடிக்கை, மிகைப்படுத்தல், பொருந்தாத இரண்டைச் சேர்ப்பது, இவை போதும்.

சிரிப்பே கூடாத நேரமும் உண்டு. மருந்து அளவு படிக்கும்போது நர்சிங் பிள்ளைகளிடம் நான் விளையாடுவதில்லை. "ஃபிஃப்டீன்" என்பதும் "ஃபிஃப்டி" என்பதும் காதில் மாறி விழுந்தால் வார்டில் என்ன ஆகும்? காதைப் பழக்குவதற்கு ஹவுஸி ஆடுவோம், தேர்ட்டீன், தேர்ட்டி, ஃபோர்ட்டீன், ஃபார்ட்டி என்று எண்களைக் கூவி அடிக்கவிடுவேன், அதில் கூச்சலும் உண்டு. மருந்துச் சீட்டு கைக்கு வந்ததும் மாடி அமைதியாகிவிடும். பிள்ளைகளுக்கும் அந்த வித்தியாசம் தெரியும். அப்புறம், வீட்டில் துக்கம் நடந்துவிட்டு வந்தவர், ஏஜென்டிடம் பணம் கட்டிவிட்டு விசா வராமல் தவிக்கிறவர், இவர்களை விளையாட்டுக்கு இழுக்காதீர்கள். டிரைவர் வேலைக்குப் போகிற ஒரு தம்பி, "டீச்சர், எனக்கு ஏர்போர்ட்ல என்ன கேப்பாவன்னு மட்டும் சொல்லுங்க" என்றான். அவனுக்கு அதைத்தான் சொல்லிக்கொடுத்தேன்.

வகுப்புக்கு வெளியே இருந்து வரும் எதிர்ப்பையும் சொல்ல வேண்டும். ஒரு அக்காவின் வீட்டுக்காரர் கூட்டிப்போக வந்தவர், படியில் நின்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "என்ன டீச்சர், எல்லாரும் சிரிச்சிக்கிட்டே இருக்காவ, பாடம் எப்ப நடத்துவிய?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. பீடி சுற்றின காசில் ஃபீஸ் கட்டுகிறார்கள். அதனால் கடைசி 10 நிமிடம் எழுதுவதற்கு என்று வைத்திருக்கிறேன். விளையாட்டில் வந்த வாக்கியங்களை, ஆடு சொன்னதையும் ஆச்சி சொன்னதையும் சேர்த்து, சரிப்படுத்திப் பலகையில் எழுதுவேன். எல்லோரும் நோட்டில் எழுதிக்கொள்வார்கள். அந்த நோட்டு வீட்டுக்குப் போகிறது, பிள்ளைகள் வாசிக்கிறார்கள், ஆடு கதையைக் கேட்டு அவர்களும் சிரிக்கிறார்கள். அந்த வீட்டுக்காரர் அப்புறம் கேட்கவில்லை. சிரித்த வகுப்பில் என்ன வாக்கியம் வந்தது என்று எழுதிவைக்க முடியவில்லை என்றால், அன்றைக்கு வெறும் பொழுதுபோக்கு நடந்திருக்கிறது என்று அர்த்தம்.

கல்ஃபில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்த எங்கள் பிள்ளை ஒருத்தி அனுப்பிய வாய்ஸ் மெசேஜை வகுப்பில் போட்டுக் காட்டினேன். மாத்திரை சாப்பிட மறுத்த ஒரு பிலிப்பைன்ஸ் தாத்தாவிடம், "சார், தி டேப்லட் இஸ் ஸ்மால், பட் மை சூப்பர்வைசர் இஸ் வெரி பிக்" என்றாளாம். தாத்தா சிரித்துவிட்டு வாயைத் திறந்தாராம். நெல்லைக்காரி அங்கேயும் போய்ச் சேர்ந்துவிட்டாள் என்று எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

புதிதாக வகுப்பு எடுக்கிறவர்கள் எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கிறார்கள். அல்வா திருட்டிலிருந்து தொடங்குங்கள். உலகம் முழுக்க இங்கிலீஷ் ஆசிரியர்கள் ஆடவைக்கிற பழைய விசாரணை விளையாட்டுதான், நம் ஊருக்குத் தகுந்த திருட்டு. நேற்று மாலை 6 மணிக்கும் 8 மணிக்கும் நடுவில் டவுனில் ஒரு கடையில் ஒரு கிலோ அல்வா காணாமல் போனது. சந்தேகப்படுகிற ஆள் இரண்டு பேர். அந்த நேரத்தில் நாங்கள் சேர்ந்து வேறெங்கோ இருந்தோம் என்று அவர்கள் சாதிக்க வேண்டும். 5 நிமிடம் வெளியே போய்ப் பேசி வைத்துக்கொள்ளட்டும். அப்புறம் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு வகுப்பே கேள்வி கேட்கும். பதில் ஒத்துப்போகவில்லை என்றால் மாட்டினார்கள். ஒருமுறை இரண்டு பேரும் சினிமாவுக்குப் போனோம் என்றார்கள். படப் பெயர், சீட்டு, எல்லாம் சரியாக இருந்தது. பத்தமடை அக்கா ஒருவர் எழுந்து, "ஹூ பெய்ட் ஃபார் தி முறுக்கு?" என்று கேட்டார். இரண்டு பேரும் தனித்தனியாக, "ஐ பெய்ட்" என்றார்கள். "ரெண்டு பேரும் துட்டு குடுத்தாவளாம், அப்ப ரெண்டு பேரும் களவாணிதான்" என்று தீர்ப்பாகிவிட்டது.

ஒரு விதியை மட்டும் விட்டுவிடாதீர்கள். கேள்வி தப்பாக இருந்தால் குற்றவாளி பதில் சொல்ல வேண்டியதில்லை, "பார்டன்?" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கலாம். "வேர் யூ வென்ட்?" என்று கேட்டால் "பார்டன்?" அவ்வளவுதான். ஆளைப் பிடிக்க வேண்டும் என்ற வேகத்தில், பக்கத்தில் இருக்கிறவர்களே "டிட் யூ கோ, டிட் யூ கோன்னு கேளுங்கக்கா" என்று திருத்திவிடுவார்கள். ஆசிரியர் பேசாமல் ஓரமாக உட்காரலாம். கேள்விகளை முன்கூட்டியே பலகையில் எழுதி வைக்க வேண்டாம், எழுதினால் நிமிர்ந்து அதை வாசிக்க ஆரம்பித்துவிடுவார்கள். 20 பேருக்கு மேல் இருந்தால் இரண்டு வழக்காகப் பிரித்துக்கொள்ளுங்கள், கடைசி வரிசையில் இருக்கிறவருக்கும் ஒரு கேள்வியாவது கிடைக்கும்.